இடப்பக்கச் சிக்னல் கை தேடிய விபரம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
20.05.2024

அன்புள்ள மச்சான் இராஜநாயகம் அவர்களுக்கு,

இங்கு நானும், என் வலது முழங்கால் தவிர்ந்த மற்றவையும், ஆண்டவர் புண்ணியத்தில் நலம். மெல்பேணில் நீங்களும் தங்கச்சி எல்சியும் மருமகள் டிலக்ஷியும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். அங்கே குளிர் தொடங்கியிருக்கும். எல்சிக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த விடயத்தைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் நடுவில் “என்ன?” என்று ஒரு தடவை கேட்டால் நான் “ஒன்றுமில்லை” என்று சொல்லி வைத்துவிடுவேன். மூன்று முறை அப்படித்தான் நடந்தது. ஆகையால் எழுதுகிறேன். எல்சி பக்கத்தில் இல்லாதபோது வாசியுங்கள்.

விடயம், என் கராஜில் நீங்கள் விட்டுப்போன உங்கள் மொறிஸ் மைனர் கார் பற்றியது. ஓகஸ்டில் இங்கு நடக்கும் டிலக்ஷியின் கலியாணத்தன்று, எல்சியைக் கைப்பிடித்து அழைத்து வந்த அதே காரில், மகளை நீங்களே ஓட்டிக்கொண்டு கோவிலுக்குப் போகவேண்டும் என்று ஜனவரியில் தொலைபேசியில் சொன்னீர்கள். “பாக்கியம் அண்ணை ஒழுங்கான ஆள், அவரிட்ட விட்டால் ஒரு ஆணியும் பிசகாது” என்று எல்சியிடம் நீங்கள் சொன்னது எனக்கும் கேட்டது. அன்றிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை. துறைமுகத்தில் முப்பத்திநான்கு வருடம் கடல் நீர்மட்டம் எழுதியவன் நான். கடல் ஏறியது, இறங்கியது, நான் எழுதினேன். அது என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. காரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? இருந்தாலும் தார்ப்பாயை நீக்கி ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, “எல்லாம் முழுசாக் கிடக்கு, பெயின்ற் அடிச்சு எண்ணெய் மாத்தினா ஓடும். இடப்பக்கச் சிக்னல் கை மட்டும் இல்லை” என்றார். திரும்பும்போது கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து செம்மஞ்சள் விளக்கோடு வெளியே நீளுமே, அந்தச் சாண் நீளக் கை. வலப்பக்கத்தது இருந்தது, இடப்பக்கத்ததைக் காணவில்லை. தயவுசெய்து இதை நினைவில் வைத்திருங்கள், மச்சான்: அன்றைக்கு அந்தக் காரில் இல்லாதது அது ஒன்றுதான்.

கிண்ணியாவில் பழைய வாகனங்களை உடைத்து உதிரிப்பாகம் விற்கும் மஹ்ரூப் என்பவரின் யாட்டுக்குப் போனேன். தங்கமான மனிதர். பிழை அவரில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒப்பிட்டுப் பார்க்கச் சாம்பிள் வேண்டுமே என்று வலப்பக்கக் கையைக் கழற்றி, என் பழக்கப்படி ஓர் அட்டைத்துண்டில் ‘இல. 1, வலக்கை’ என்று எழுதிக் கட்டி, கொண்டுபோய் மேசையில் வைத்தேன். “வெச்சிட்டுப் போங்க சேர், பாப்பம்” என்றார். பிறகு சட்டைப்பையில் கைவிட்டு ஒரு நோட்டை நீட்டினார். என் கோலத்தைப் பார்த்து பஸ் காசு தருகிறார் என்று நினைத்து, கூச்சத்தில் இரண்டடி பின்னால் போய்விட்டேன். அவருக்கும் கூச்சமாகிவிட்டது. உள்ளே போய், அவர் மனைவி லைலா போட்ட எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். கிண்ணியாக்காரரின் உபசரிப்பு என்று வாங்கிவந்து பாணி விட்டுச் சாப்பிட்டேன்.

அடுத்த கிழமை போனபோது இடக்கை வரவில்லை. “ஒங்கட காரு எத்தினாம் ஆண்டு சேர்?” என்று கேட்டார். ஐம்பத்தாறு என்று நினைத்தேன். வாய் திறக்கையில் ஐம்பத்தெட்டோ என்று சந்தேகம் வந்தது. பதிவுப் புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது. பிழையான வருடத்தைச் சொல்லிப் பிழையான கை வந்தால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஆகவே ஆதாரத்துக்கு முன்விளக்குகள் இரண்டையும் கொண்டுபோனேன். “வேற என்ன சேர் இரிக்கி?” என்றார். அவருக்கு ஆதாரம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு முன் பம்பரைக் கொண்டுபோனேன். பிறகு கதவைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றினேன். கொண்டக்டர், “அப்பு, எங்கட பஸ்ஸில கதவு இருக்குதானே, ஏன் வீட்டிலயிருந்து கொண்டு வாறியள்?” என்றார். பாலம் தாண்டும்வரை பஸ் முழுக்கச் சிரித்தது. இறங்கும்போது, “சாத்திப்போட்டு இறங்குங்கோ அப்பு” என்றும் சொன்னார். மற்றக் கதவும், சில்லுகளும், முன் ஆசனங்களும் ஒவ்வொன்றாக அதே வழியில் போயின. ஒவ்வொரு முறையும் நான் அட்டை கட்டினேன், ஒவ்வொரு முறையும் மஹ்ரூப் “வெச்சிட்டுப் போங்க” என்றார், ஒவ்வொரு முறையும் தயிர் வந்தது. சாம்பிள்களைத் திருப்பிக் கேட்க ஒரு வசனம் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போவேன். சட்டியைக் கையில் தந்ததும் மறந்துபோகும். ஒருவர் தந்த தயிரைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே எப்படிச் சந்தேகிப்பது? ஏப்ரலில், என்ஜின் இலக்கத்தைப் பார்த்தால் வருடம் தெரியுமே என்று மெதுவாகச் சொன்னேன். மறுநாள் லொறியும் நாலு பேரும் வந்து என்ஜினையே தூக்கிக்கொண்டு போனார்கள். எவ்வளவு அக்கறை என்று எனக்குக் கண் கலங்கியது. அன்றைக்கு இரண்டு சட்டி.

போன சனிக்கிழமை மஹ்ரூப் கைபேசியில் ஒரு படம் காட்டினார். வானநீலப் பூச்சில் ஒரு மொறிஸ் மைனர்.

“பாருங்க சேர், ஒங்கட புள்ள எப்பிடி நிக்கிது எண்டு.”

“இது... ஆற்ற கார்?”

“கந்தளாய் சஜீத்துட காரு. வெறுங்கூடுதான் வெச்சிருந்தாரு. சாமான் முழுக்க ஒங்கட. கலியாணங்களுக்கு வாடகைக்கு உடப்போறாராம்.”

படத்தைப் பெரிதாக்கினார். பம்பரில் என் அட்டை இன்னும் தொங்கியது. “கழட்டல்ல சேர். எழுத்து வடிவா இரிக்கி எண்டு அப்பிடியே உட்டிருக்காரு.”

அங்கே கிடந்த டயரில் இருந்துவிட்டேன். அவர் பக்கத்தில் குந்தி மெதுவாகச் சொன்னார்: “விளங்குது சேர். பழைய காரு வீட்டு ஆள் மாதிரி. ஒரேயடியாக் குடுக்க மனசு வராது. நீங்க கொஞ்சங் கொஞ்சமாக் கொண்டந்தீங்க. காசையும் தொடல்ல. நானும் ஒண்டும் கேக்கல்ல. இப்ப சந்தோசந்தானே?”

நான் “ஓம்” என்றேன்.

மச்சான், அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். உங்கள் முன் பம்பரை நான் தயிராகச் சாப்பிட்டிருக்கிறேன். கதவையும் அப்படியே. என்ஜினை இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டேன். பக்கத்து வீட்டு சிவாஜினிக்கும் ஒரு கோப்பை கொடுத்தேன். இப்போது கராஜில் நாலு கல்லின் மேல் கூடும் பின் ஆசனமும்தான் மிச்சம். நேற்று அதில் ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்தேன். கதவில்லாதபடியால் இறங்குவது சுலபம். சஜீத்திடம் போய் உண்மையைச் சொல்லலாம். ஆனால் போனால் அவருக்கும் எதையாவது கொடுத்துவிட்டுத்தான் வருவேன் என்று பயமாயிருக்கிறது.

ஆகவே டிலக்ஷிக்கு வேறொரு கார் பேசுங்கள். எல்சிக்கு நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். என்னைத் திட்டுவதென்றால் கடிதத்தில் திட்டுங்கள். இனிமேல் என் கையிலிருந்து ஒரு திருகாணிகூட எவருக்கும் போகாது என்று மாதா படத்துக்கு முன் சத்தியம் செய்திருக்கிறேன்.

கலியாணப் பிள்ளைகள் இருவரையும் ஆண்டவர், என் போன்றவர்களின் பொறுப்பில் விட்டுவிடாமல், தாமே நேரில் நின்று காத்தருள்வாராக.

தங்கள் நம்பிக்கைக்கு உரியவனாயிருந்த,
பாக்கியரத்தினம்

பி.கு.: இதை உறையில் போடும்போது மஹ்ரூப் படலையடிக்கு வந்தார். இடக்கை கிடைத்துவிட்டது. இறக்கக்கண்டியில் ஒரு கோழிக்கூட்டுக்குக் கொளுக்கியாக இருந்ததாம். கழுவித் துடைத்து, “சேருக்கெண்டே தேடினன்” என்று என் கையில் வைத்தார். கை இருக்கிறது, கார் இல்லை. அழுகை வந்துவிட்டது. அந்த அழுகையோடு கலியாணம், கார், நீங்கள், எல்லாவற்றையும் முதல்முறையாகச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு படியில் இருந்துவிட்டார். பிறகு அங்கேயே சஜீத்துக்குப் போன் எடுத்துக் கதைத்தார். சஜீத்தின் காருக்கும் இந்த ஒன்றுதான் இல்லையாம். இதைக் கொடுத்தால் கலியாணத்தன்று கார் வீட்டடிக்கு வரும், நீங்களே ஓட்டலாம், வாடகை வேண்டாம் என்றாராம். “தாங்க சேர், நான் கொண்டு குடுக்கிறன்” என்றார் மஹ்ரூப். எழுத்தில் தாருங்கள் என்று கேட்க நினைத்தேன். கொடுத்துவிட்டேன். ஆகவே வேறு கார் பேச வேண்டாம். எல்சிக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாம். ஆனாலும் ஒன்று பேசி வையுங்கள். போகும்போது வழக்கம்போல ஒரு சட்டி வைத்துவிட்டுப் போனார். கார் வரும்வரை அதைத் தொடுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். கலியாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு கிழமை இருக்கிறது. தயிர் மூன்று நாளில் புளித்துவிடும்.