முன்னால் போகாத ஜானவாசக் கார்

ஒழுங்காக ஓடும் காரைக் கண்டு வருத்தப்பட்ட ஒரே மனிதர் உலகத்திலேயே எங்கள் ஸ்பானர் மாமாதான். "பாவம், இதுல பண்றதுக்கு ஒண்ணும் இல்லையே" என்பார். 1950களில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு மண்டியில் அவர் குமாஸ்தா. மற்ற நேரமெல்லாம், எந்த வெள்ளைக்காரனோ விட்டுப்போன ஒரு பழைய காருக்கு அடியில் கிடப்பார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரியும். மாமி காப்பியை அந்தக் கால்களிடம்தான் நீட்டுவாள்.

தரைத்தகடு இற்றுப்போனபோது படகு கட்டும் ஆசாரியைக் கூப்பிட்டுப் பலகை அடித்துத் தார் பூசினார். "இனி காயல்லயும் போகும், கேட்டியா?" என்றார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை மாப்பிள்ளையைத் திறந்த காரில் ஊர்வலமாக அழைத்துப்போவது எங்கள் வழக்கம். அதுதான் ஜானவாசம். ஒரு காலை ரம்பச் சத்தம் கேட்டு ஓடினேன். மாமா தன் காரின் கூரையை அறுத்து முற்றத்தில் சாய்த்திருந்தார்.

"உன் ஜானவாசத்துக்கு வாடகைக் காரா? நான் செத்தா போயிட்டேன்?"

பெண்ணின் அப்பா வக்கீல், கறார் பேர்வழி. அவர் முன்னால் மானமாகப் போய் இறங்க வேண்டுமே என்பதுதான் என் கவலையெல்லாம்.

கோவில் வாசலில் கோட்டும் மாலையுமாக ஏறி உட்கார்ந்தேன். நாகஸ்வரம் தொடங்கியது. கார் சரேலென்று பின்னால் போயிற்று. கியர் ரிவர்ஸில் மாட்டிக்கொண்டுவிட்டது. மாமா ஸ்பானரால் தட்டினார், திட்டினார், கெஞ்சியும் பார்த்தார்.

"சாரமில்லை, போகட்டும். திருப்பி நிறுத்திண்டா எல்லாம் ஒண்ணுதான்."

தவில்காரர் உட்பட எல்லாரும் தள்ளித் திருப்பினோம். கோட்டோடு நானும்தான் தள்ளினேன். இப்போது ஊர்வலம் போகும் திசைக்கு என் முதுகு.

"மாப்ளே முகம் தெரியண்டாமா? திரும்பிக்கோடா" என்றார் மாமா.

பின் சீட்டில் முட்டி போட்டு, சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு, வாத்தியார் தண்டித்த பையன் மாதிரி கடைத்தெரு முழுக்கப் போனேன். மூட்டை தூக்கிகள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். வெட்கத்தில் எனக்கு உயிரே போயிற்று.

பந்தல் வாசலில் மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, இப்பவே முட்டி போட்டாச்சா?"

ஸ்பானர் மாமா ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கல்யாணச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. அப்புறம் என்னைத் தூரத்தில் கண்டாலே வேறு சந்தில் திரும்பிவிடுவார்.

மழைக்காலம் வந்தது. ஒரு காலை, ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் குடையுமாக, கூரையில்லாத காரில் மாமா மண்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். குறுக்கே போய் நின்றேன்.

"மாமா, கூரையைத் திரும்ப ஒட்டவெச்சுக்கப்படாதா?"

என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "வேண்டாம்டா. உன் பொண்ணுக்கு மாப்ளே வரச்சே மறுபடியும் அறுக்கணும். அன்னிக்கு கியர் மாட்டாது, சத்தியம்."

ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். குடையை வாங்கி, கடைத்தெரு முழுக்கப் பார்க்க, இரண்டு பேருக்குமாகப் பிடித்துக்கொண்டேன்.