மசக்கைக்கு வாங்கின மீன்

காயல்பட்டினத்துக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் வில்வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, தில்லைநாயகம் பிள்ளை நெற்றித் திருநீற்றை அழித்தார். துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டார். ஏழு தலைமுறைச் சைவம்! திருச்செந்தூருக்கு ரயில் வராத காலம். முருகனைக் கும்பிடப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லி, தச்சநல்லூரில் வண்டி கட்டிய மனுஷன் மீன் வாங்க வந்து நிற்கிறார்.

எல்லாம் வண்டிக்குள் இருக்கும் பிரம்மநாயகியால் வந்தது. நாலு மாசக் கர்ப்பிணி. பத்து நாளைக்கு முன்னால் அவர் காதோரம் வந்து, "எனக்கு மீன் திங்கணும்போல இருக்கு" என்றாள். மசக்கைக்காரியின் ஆசை தீராவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காது வடியும் என்பார்கள். எட்டு வருஷம் காத்துக் கிடந்து உண்டான பிள்ளை. அதற்கு முன்னால் குலமாவது கோத்திரமாவது!

"என்ன வேணும் பிள்ளைவாள்?" என்றார் கடைக்காரர் உமர் பாரூக்.

"நான் பிள்ளைன்னு யாருவே சொன்னா?"

"காதுல கெடக்க கடுக்கன் சொல்லுது."

வறுத்த சீலா மீன் இலையோடு வண்டிக்குள் போனது. பிரம்மநாயகி மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"முள்ளு இருக்குமோ என்னமோ. ஒரு வாய் தின்னு பாத்துச் சொல்லுங்க."

"நானா? சிவ சிவா!"

"எனக்குத் தொண்டையில சிக்கினா பிள்ளைக்குல்லா ஆபத்து?"

பிள்ளைக்காக ஒரு விள்ளல் தின்றார். முள் இல்லை. சரியாகப் பார்க்கவில்லையோ என்று இன்னொன்று தின்றார். மூன்றாவது துண்டிலும் முள் தேடினார்.

"எண்ணெய் வாடை கொமட்டுது. குழம்புன்னா எறங்கும்."

மிச்சத்தை எறிந்தால் காக்காய் கூடும், காக்காய் கூடினால் ஆள் கூடும். அதையும் அவரே முடித்தார்.

அடுத்த கடையில் குழம்பு வாங்கினார்.

"உப்பு இருக்கான்னு பாருங்க."

பார்த்தார். "ஏளா, உப்பு சரியாத்தான் இருக்கு" என்று சொன்னபோது சட்டியில் குழம்பு இல்லை.

"போகட்டும், நண்டுன்னா ஒருவேளை..." என்று இழுத்தாள் பிரம்மநாயகி.

மூன்றாவது, ஆபிதா பீவி அலைக்கரையோரம் தன் வீட்டிலேயே நடத்திய கடை. பிரம்மநாயகி தண்ணீர் குடிக்க அடுப்படிப் பக்கம் போனாள். நண்டு வந்தது. இந்தத் தடவை யாரும் சொல்லாமலே, "முதல்ல நான் பாத்துருதேன்" என்று பிள்ளை உட்கார்ந்துவிட்டார். உடைக்கத் தெரியாமல் கடித்தார். வேட்டியெல்லாம் மசாலா.

இரண்டாவது நண்டையும் முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பொழுது சாயப் போகிறது, அவள் நாக்கில் ஒரு துணுக்கு படவில்லை. அடப் பாவி, பிள்ளைக்கு என்று வாங்கினதையெல்லாம் நானே தின்றுவிட்டேனே! அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"பீவி, அவ மசக்கைக்காரி. ஆசைப்பட்டுக் கேட்டா, ஒண்ணுமே திங்க மாட்டேங்கா. பிள்ளைக்குக் காது வடிஞ்சிருமோன்னு பயமா இருக்கு. வேற என்ன மீன் இருக்கு?"

ஆபிதா பீவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"போங்க அண்ணாச்சி, அந்தப் புள்ளைக்கு ஆசையெல்லாம் மாங்கா மேல, மீன் வாடைக்கு ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டு, 'எங்க வீட்டுக்காரரு ரெண்டு மாசமா தூக்கத்துல மீனு மீனுன்னு பொலம்புதாரு, கேட்டா கூச்சப்படுவாரு, அதான் வயித்துப் பிள்ளை மேல பழியைப் போட்டுக் கூட்டியாந்தேன்'னு அங்கன உக்காந்து சிரிக்கா!"