துப்பு துரையும் ஒன்பது தகட்டுத் தண்ணீரும்

கேமரன் மலையிலேயே அதிகமாகத் தேத்தண்ணியை வாயில் ஊற்றிக்கொண்டவரும், மிகக் குறைவாகத் தேத்தண்ணி குடித்தவரும் ஒரே ஆள்தான். எங்கள் துப்பு துரை. தேயிலைத் தொழிற்சாலையில் ருசி பார்ப்பது அவர் வேலை. நூறு கிண்ணம் வைத்தாலும் சளைக்காமல் உறிஞ்சுவார், கன்னத்தை உப்பிக் கொப்பளிப்பார், பக்கத்து வாளியில் துப்புவார். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் பார்சல் கொண்டு வருகிறவன் கூட “துப்பு துரை வீடு எது?” என்றுதான் கேட்பான்.

தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கு நான் மாற்றலாகி வந்தபோது அவர் வீட்டுக்கு அடுத்த வீடு கிடைத்தது. நடுவில் ஒரு பலகைச் சுவர், அவ்வளவுதான். முதல் நாள் காலை அந்த உறிஞ்சல் சத்தத்தைக் கேட்டு, கேஸ் குழாய் பிய்த்துக்கொண்டது என்று போர்வையோடு வெளியே ஓடினேன். கோலா தெர்லாவிலிருந்து கோஸ் ஏற்றி வரும் லோரிக்காரர்கள், டயரில் காற்று இறங்குகிறது என்று நினைத்து இறங்கிப் பார்ப்பார்களாம். நான் நம்புகிறேன்.

வேலையை அவர் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டு வரும் ரகம் இல்லை. ஒரு கல்யாணப் பந்தியில் ரசத்தை உறிஞ்சி, “மிளகு பழசு,” என்று தீர்ப்புச் சொல்லித் துப்பினார். எதிரே உட்கார்ந்திருந்தவள் நான். புடவை புதுசு. கம்போங் ராஜா சாப்பாட்டுக் கடையில் அவருக்கென்றே சாக்கடை ஓரமாக ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். கிளினிக்கில் கொடுத்த இருமல் மருந்தைக் கூட நர்ஸ் முன்னாலேயே கொப்பளித்து, “போன வருஷச் சரக்கு,” என்றவர் அவர்.

ஒரு நாளில் அவர் விழுங்கும் தேத்தண்ணி ஒன்றே ஒன்றுதான். காலையில் வேலைக்குப் போகுமுன் மனைவி பார்வதி அக்காவோடு சமையலறை மேசையில் உட்கார்ந்து குடிக்கும் கப். அக்காவுக்குச் சிவப்புப் பூப்போட்ட கப், இவருக்குக் கைப்பிடி உடைந்த கப். முதல் நாள் என்னை ஓட வைத்த சத்தம் அதுதான்.

அந்தக் கப்புக்குத்தான் ஆபத்து வந்தது. நெஞ்செரிச்சல் தாங்காமல் அக்கா கிளினிக்குப் போனார். இனிமேல் தேத்தண்ணி கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து அக்கா வெறும் சுடுதண்ணிக்கு மாறினார்.

“சுடுதண்ணி எண்ணெச் சட்டி கழுவுறதுக்குலா! மனுஷன் குடிக்கிறதா அது?” என்று துரை கத்தினார். ஆனால் அவரும் தனியாகக் குடிக்கவில்லை. கப்பை எதிரே வைத்துக்கொண்டு அது ஆறும் வரை பார்ப்பார், பிறகு தொட்டியில் கொட்டிவிட்டு வேலைக்குக் கிளம்புவார். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஆண்டவனே, இந்த மனுஷன் வாயை மூட மாட்டாரா என்று தினமும் திட்டிக்கொண்டிருந்த நான், அந்தச் சத்தம் இல்லாமல் தூங்கிப்போய் இரண்டு நாள் பள்ளிக்குத் தாமதமாகப் போனேன்.

இந்த நேரத்தில்தான் பூ வியாபாரி மல்லிகா வந்து சேர்ந்தாள். திரிங்காப்பில் பூ எடுத்து விற்பவள், கூடவே தண்ணீர் மிசினும் விற்கிறாள். குழாயில் மாட்டினால் தண்ணீரை இரண்டாகப் பிரித்து, காரத்தன்மையுள்ள தண்ணீரை மேல் குழாயில் தருமாம்.

“இந்தத் தண்ணியில போட்டா அக்கா தாராளமா தே குடிக்கலாம்ணே. தண்ணியப் பிரிக்க உள்ள ஏழு தகடு இருக்கு!”

துரையின் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஆனால் ருசி பார்க்கிறவர் ஒரே சரக்கைப் பார்த்து வாங்குவாரா? ஈப்போவிலிருந்து இன்னொருவரை வரவழைத்தார். டை கட்டி, பெட்டியோடு வந்த அவருடைய மிசினில் ஒன்பது தகடு. இரண்டு பேருமே, வைத்துப் பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள் என்று மிசினை விட்டுப் போகச் சம்மதித்தார்கள். பாவம், யாரிடம் விட்டுப் போகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

டைக்காரர் செய்து காட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒரு கிளாஸ் தண்ணீரில் ஏதோ சொட்டு விட்டார். தண்ணீர் ஊதா நிறமானது. “பாத்தீங்களா அண்ணே, இதான் அசல் காரத்தண்ணி,” என்று அவர் திரும்புவதற்குள் துரை கிளாஸை எடுத்து உறிஞ்சிவிட்டார்.

“அலாமாக்! அண்ணே, அது குடிக்கிறதுக்கு இல்ல!”

“நான் எங்கய்யா குடிச்சேன்?” என்று துரை வாளியில் துப்பினார். “நெறம் பிரமாதம். ருசி இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற பெயிண்ட்டு.”

அடுத்த ஒரு வாரம் அந்தச் சமையலறைக்குள் சாதாரண மனிதர் நுழைய முடியவில்லை. தொட்டியின் இந்தப் பக்கம் ஏழு தகடு, அந்தப் பக்கம் ஒன்பது தகடு, துணி துவைக்கும் மிசின் மேல் வரிசையாக வெள்ளைக் கிண்ணங்கள், காலடியில் வாளி. மல்லிகா ஃபோன் போட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டால், “இன்னும் தேயிலகிட்ட கேக்கல,” என்பார். தகடு, கியாரண்டி, ஃபில்டர் எதைப் பற்றியும் அவருக்குக் கவலை இல்லை. அக்கா குடிக்கவும் முடிய வேண்டும், குடித்தால் அது தேத்தண்ணியாகவும் இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை இறுதிப் போட்டி. மல்லிகாவும் வந்தாள், டைக்காரரும் வந்தார். எது எந்தத் தண்ணீர் என்று தனக்கே தெரியாமல் ருசி பார்த்தால்தான் நியாயம் என்று துரை முதுகைக் காட்டி நின்றுகொண்டார். தண்ணீர் பிடித்து, கிண்ணத்துக்கு அடியில் பேர் எழுதி ஒட்டும் பொறுப்பு என்னுடையது.

“வூட்டுல தண்ணி வர்ற எல்லா வாய்லயும் புடிங்க டீச்சர். ஒண்ண வுடக் கூடாது. ஃபேக்டரில நாங்க தேயிலத் தூசியக்கூட ருசி பாக்காம அனுப்ப மாட்டோம்.”

சொன்னதைச் செய்பவள் நான். மிசின்காரர்கள் இருவரும் முன்னறையில் பசியாறிக்கொண்டிருந்தபோது, மலைத் தண்ணீர் வரும் பழைய குழாயில் ஒன்று, ஏழு தகட்டில் கண்ணில் பட்ட ஒரே குழாயில் ஒன்று, ஒன்பது தகட்டின் மேல் குழாயில் ஒன்று பிடித்தேன். ஒன்பது தகட்டுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலும் தண்ணீர் வந்தது. அதையும் பிடித்தேன். ஆக நான்கு கிண்ணம். ஒரே தூள், ஒரே எடை, ஒரே நேரம்.

அக்கா அலமாரியிலிருந்து சிவப்புப் பூப்போட்ட கப்பை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் நான் நான்கு கிண்ணத்தின் சீட்டையும் இன்னொரு முறை சரிபார்த்தேன்.

துரை திரும்பினார். முதல் கிண்ணத்தை உறிஞ்சினார். “நல்ல மனுஷன். கொஞ்சம் சோம்பேறி.” அடுத்த இரண்டும் கருத்துப்போய்க் கிடந்தன. ஒன்றை உறிஞ்சி, “சப்பு,” என்று துப்பினார். இன்னொன்றை உறிஞ்சி, “டயர் கழுவுன தண்ணி,” என்று துப்பினார். மல்லிகாவும் டைக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான்காவது பொன்னாக மின்னிக்கொண்டிருந்தது. உறிஞ்சினார். கண்ணை மூடினார். துப்ப மறந்து சற்று நேரம் நின்றார்.

“இதான்லா! துள்ளுது பாரு! பார்வதி, ஒன் கப்பைக் கொண்டா!”

கிண்ணத்தோடு சாய்த்து அக்காவின் கப்பை நிரப்பினார். நான் கிண்ணத்தைத் திருப்பிச் சீட்டைப் படித்தேன். “ஒன்பது தகடு…” டைக்காரருக்கு வாயெல்லாம் பல். “…கீழே உள்ள சாம்பல் குழாய்.”

டைக்காரர் பல்லை மூடினார். “டீச்சர்! அது கழிவுத் தண்ணி! புளிப்புத் தண்ணி! தரை துடைக்கத்தான் அது! வயிறு எரியிறவங்க வாய்லயே வைக்கக் கூடாது!”

அக்காவின் உதட்டுக்குப் போன கப்பைத் துரை ஒரே பாய்ச்சலில் பிடுங்கினார். பாதி அவர் சட்டையிலும் மீதி டைக்காரரின் டையிலும் ஊற்றியது. நான் செத்தேன் என்று நினைத்தேன். ஆனால் முதலில் சிரித்தது அக்காதான். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

துரை சிரிக்கவில்லை. ஈரச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப ஒனக்கு ஆவுற தண்ணியில தே செத்துப் போவுது. தே உசுரோட இருக்கிற தண்ணி ஒனக்கு ஆவாது. நான் என்னதான் பண்ணட்டும்?”

“ஒண்ணும் பண்ண வேணாம்,” என்றார் அக்கா. “மல்லிகா வந்துட்டுப் போன மறுநாளே டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். எந்தத் தண்ணியில போட்டாலும் தே தேதான், குடிக்காதீங்கன்னுட்டாரு.”

“அப்பவே சொல்றதுக்கு என்ன? ஒரு வாரமா வாய் வெந்து கெடக்கேன்!”

“எப்படிச் சொல்றது? முப்பது வருஷத்துல எனக்காக நீங்க இவ்வளவு மெனக்கெட்டுப் பாத்ததில்ல. நல்லா இருந்துச்சு. இன்னும் ரெண்டு நாள் போவட்டுமேன்னு விட்டுட்டேன்.”

அன்று மத்தியானமே இரண்டு மிசினும் வந்த வழியே திரும்பிப் போயின. மல்லிகா எனக்கு மட்டும் இன்றுவரை பூவில் கொசுறு கொடுப்பதில்லை.

மறுநாள் காலை என்னை எழுப்பியது அந்தச் சத்தம்தான். கேஸ் குழாய் பிய்த்துக்கொள்ளும் அதே சத்தம். அடப்பாவி மனுஷா, அக்கா எதிரிலேயே தனியாகத் தேத்தண்ணி குடிக்க ஆரம்பித்துவிட்டாரா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சட்னி கேட்கிற சாக்கில் பின்பக்கமாகப் போய் எட்டிப் பார்த்தேன்.

மேசையில் சிவப்புப் பூப்போட்ட கப்பும் கைப்பிடி உடைந்த கப்பும் எதிரெதிரே இருந்தன. இரண்டிலும் ஆவி பறக்கும் வெறும் சுடுதண்ணி. துரை தன் கப்பை எடுத்து உறிஞ்சினார், கன்னத்தை உப்பிக் கொப்பளித்தார். நான் பழக்க தோஷத்தில் வாளியைத் தேடினேன். அது வாசலுக்கு வெளியே கவிழ்ந்து கிடந்தது.

அவர் விழுங்கினார்.

“எப்படி இருக்கு?” என்றார் அக்கா.

“சப்புன்னு இருக்கு,” என்றார் துரை. “இன்னொரு கப் ஊத்து.”