தீர்ந்துவிட்டால் ஒன்றை அழுத்தவும்

பொறுமை என்னும் உயர்ந்த குணத்தை உலகம் இழந்துவிட்டது என்று கவலைப்படுகிறவர்கள், ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து ஒரே ஒரு மின்னஞ்சலைத் திறந்து பார்க்க வேண்டும். நீலக் கம்பெனியின் 'அதிவேக' இணைய இணைப்பு நான்கு ஆண்டுகளாக எங்கள் குடும்பத்துக்கு அளித்துவந்த மனப்பயிற்சியை எந்தத் துறவியும் அளித்திருக்க முடியாது. திரையின் நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றும். நானும் மனைவியும் மகளும் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். முதலில் கோபம் அடங்கும். பிறகு ஆசை அடங்கும். கடைசியில் கணினியை எதற்குத் திறந்தோம் என்பதே மறந்துபோகும். முக்தி என்பது வேறென்ன?

இந்தப் பேற்றைப் பகிர்ந்துகொள்ள வீட்டில் ஒரு கால அட்டவணை உண்டு. மனைவி வேலை செய்யும்போது மகள் தன் போனை அணைத்துவிட வேண்டும். மகள் பாடம் கேட்கும்போது நான் செய்தி படிக்கக் கூடாது. என் முறை வருவதற்குள் செய்தி பழசாகிவிடும். ஆகவே உலக நடப்பு எதுவும் என்னைப் பதற வைத்ததில்லை.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நான் ஓர் அரசு அலுவலகத்தின் குறைதீர்ப் பிரிவில் கண்காணிப்பாளர். குழாயில் தண்ணீர் வராதவர்கள் எங்களுக்கு எழுதுவார்கள். நாங்கள் அவர்களுக்குப் பதில் எழுதுவோம். எழுதியதும் புகார் தீர்ந்துவிடும். தண்ணீர் வருவது வேறு பிரிவு. இருபத்திரண்டு ஆண்டுகளில் என் மேசையில் ஒரு கோப்பும் மாலை ஐந்தரைக்கு மேல் திறந்து கிடந்ததில்லை. இதற்காக மூன்று கேடயங்கள் பெற்றிருக்கிறேன். மூன்றும் வரவேற்பறையில், மோடத்துக்கு முன்னால் வரிசையாக நிற்கின்றன.

"அப்பா, அந்தத் தகரத்தை எடுத்தாலே பாதி சிக்னல் வரும்" என்பாள் மகள். பித்தளை என்று நான் திருத்துவேன்.

மனைவி புகார்த் தணிக்கை அலுவலகத்தில் ஆறு வருடமாகத் 'தற்காலிக' ஊழியர். வீட்டிலிருந்தபடியே படிவங்களைக் கணினியில் ஏற்றுவாள். இப்போது அங்கே ஒரு தணிக்கையாளர் பணி நிரந்தரமாக வந்திருந்தது. நேர்காணல் வீடியோவில், வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு. அடுத்த மாதம் அவளுக்கு நாற்பத்தைந்து முடிகிறது. அதற்குப் பிறகு விண்ணப்பிக்க முடியாது. அதாவது, இந்தப் பத்தரை மணியை விட்டால் வேறு பத்தரை மணி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். மற்ற இரண்டு போன்களையும் அணைத்து, கேடயங்களைச் சற்றே நகர்த்தினால் நீலக் கம்பெனி அரைமணி நேரம் தாங்கும் என்று தெரிந்தது.

திங்கட்கிழமை காலை மனைவி என்னை எதிரில் உட்கார வைத்தாள்.

"வியாழக்கிழமை வரைக்கும் எதையும் தொடாதீங்க. மோடம், ஒயர், சுவிட்ச், எதையும்."

"நான் எதைத் தொடப் போறேன்?"

"அது தெரியாமத்தான் மொத்தமாச் சொல்றேன்."

செவ்வாய்க்கிழமை மாலை கதவு தட்டப்பட்டது. மனைவி படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு, மகளைத் தேர்வுக்குழுவாக நியமித்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் கழுத்துப்பட்டையும் கையில் டேப்லெட்டுமாக ஓர் இளைஞர். ஆரஞ்சுக் கம்பெனியின் 'முதுநிலை மாறுதல் ஆலோசகர்' என்று நெஞ்சில் எழுதியிருந்தது.

"சார், உங்க தெருவுல எல்லாரும் மாறிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"எல்லாருமா?"

"பக்கத்துத் தெருவுல, சார். இங்க உங்ககிட்ட இருந்துதான் ஆரம்பம்."

இவ்வளவு தெளிவாகப் பேசுபவரை நான் எங்கள் துறையிலேயே பார்த்ததில்லை. உள்ளே அழைத்தேன்.

"வேகம் எவ்வளவு தம்பி?"

"ஐநூறு வரைக்கும் சார்."

"வரைக்கும்னா, குறைஞ்சபட்சம்?"

"குறைஞ்சபட்சத்தைப் பத்தி எங்க கம்பெனி நினைக்கிறதே இல்ல சார். எங்க பார்வை எப்பவும் மேலதான்."

"மாத்துற நேரத்துல இணைப்பு துண்டிக்குமா? வியாழக்கிழமை எங்க வீட்டுல ஒரு முக்கியமான..."

"ஒரு நொடி கூடத் துண்டிக்காது. பதினஞ்சு நிமிஷ வேலை. அதுவும் சும்மா ஒரு மரியாதைக்குச் சொல்றோம்."

அவர் நீட்டிய திரையில் அந்த 'ஒரு நொடி'யின் தோளில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. நட்சத்திரத்தைத் தேடிக்கொண்டு பக்கத்தின் அடிக்குப் போனேன். கடுகைவிடச் சிறிய எழுத்தில் பதினேழு வரிகள். படிக்க முடியவில்லையே தவிர, அதன் நடை எனக்குப் புரிந்தது. சொந்தக்காரரைக் கூட்டத்தில் முதுகைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்வதில்லையா, அப்படி. நெகிழ்ந்துபோய் விரலால் கையெழுத்துப் போட்டேன். மனைவிக்கு ஓர் இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று அவளிடம் சொல்லவில்லை. பாதி அப்படியே நடந்தது.

புதன்கிழமை மதியம், நான் இரண்டு நாள் விடுப்பில் வீட்டில் இருக்க, மனைவி அச்சுக்கடைக்குப் போயிருந்தபோது, தொழில்நுட்பர் வந்தார். நான்கு வருடமாக நீலக் கம்பெனியிலிருந்து மாதம் இரண்டு முறை வந்து, மோடத்தை அணைத்துப் போட்டுவிட்டுப் போகிற அதே மனிதர். நீலச் சட்டையில்தான் வந்தார். நான் தயங்கினேன்.

"தம்பி, நான் ஆரஞ்சுக்கு மாறிட்டேனே..."

"தெரியும் சார். ஒரு நிமிஷம்." கதவுக்குப் பின்னால் போய், பையிலிருந்து ஆரஞ்சுச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "வணக்கம் சார், ஆரஞ்சு குடும்பத்துக்கு உங்களை வரவேற்கிறேன்."

"பையில பச்சையா ஒண்ணு தெரியுதே?"

"அது அடுத்த மாசம் வர்ற கம்பெனி."

அவர் பழைய மோடத்தைக் கழற்றினார். புதியதை வைத்தார். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பழைய ஒயரை அதில் சொருகினார்.

"ஒயர் அதேவா தம்பி?"

"தெருவுக்கே ஒரே ஒயர்தான் சார். எந்தக் கம்பெனியா இருந்தாலும் அதுலதான் வரும்."

"அப்போ என்ன மாறுது?"

அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். நேர்மையான மனிதர்.

பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. வாக்குத் தவறவில்லை. வேகமும் வந்தது. அதுவும் பதினைந்து நிமிடம் இருந்தது. மாலை ஐந்து மணிக்கு மனைவி வந்து ஒத்திகைக்கு உட்கார்ந்தாள். அடுத்த அறையிலிருந்து மகள் கேள்வி கேட்டாள். சிறிது நேரத்தில் மகளின் குரல்:

"அம்மா, நீ வாயை மூடின பிறகுதான் பேசறே."

பிறகு, "அம்மா, இப்ப நீ ஃபோட்டோ ஆயிட்டே."

மனைவி மெதுவாக எழுந்து வரவேற்பறைக்கு வந்தாள். கேடயங்களுக்குப் பின்னால் கண் சிமிட்டிய ஆரஞ்சு விளக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தொட்டீங்களா?"

"நான் தொடலை. அந்தத் தம்பிதான் தொட்டாரு."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. இருபது வருடக் குடித்தனத்தில், அவள் ஒன்றும் சொல்லாத நாட்களைத்தான் நான் குறித்து வைத்திருக்கிறேன்.

உடனே புகார் செய்தேன். நாற்பது நிமிடம் இசை கேட்ட பிறகு, பதினான்கு இலக்கத்தில் ஒரு புகார் எண் தந்தார்கள். என் பிரிவில் ஒன்பது இலக்கம்தான். பொறாமையாக இருந்தது. மறுநாள் காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள் ஆள் வருவார் என்றார்கள்.

வியாழன். ஒன்பதே முக்காலுக்குத் தொழில்நுட்பரே கூப்பிட்டார்.

"சார், தெருமுனையில பெட்டிகிட்ட நிக்கறேன். உங்க இணைப்பை உள்ளே பழைய கணக்குலேயே விட்டிருக்காங்க. பத்து நிமிஷ வேலை. திறந்துட்டேன்."

"பத்து நிமிஷமாம்" என்று படுக்கையறைப் பக்கம் அறிவித்தேன். மனைவி தலை வாரிக்கொண்டிருந்தாள். முகத்தில் லேசாக உயிர் வந்தது.

அப்போது போன் மறுபடி அடித்தது. தேன் தடவிய ஒரு பதிவுக் குரல்.

"மதிப்புக்குரிய வாடிக்கையாளரே, தங்கள் புகார் தீர்ந்துவிட்டதா? தீர்ந்துவிட்டால் ஒன்றை அழுத்தவும். தீரவில்லை என்றால் இரண்டை அழுத்தி, புகாரை முதலிலிருந்து பதிவு செய்யவும்."

இங்கே வாசகர்கள் என்னைத் தவறாக நினைக்கக் கூடாது. நேற்று மாலை திறந்த கோப்பு, இரவெல்லாம் திறந்தே கிடந்திருக்கிறது. எங்கோ ஒரு மேசையில் என்னைப் போல ஒரு கண்காணிப்பாளர் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவருடைய கேடயம் என் விரல் நுனியில் இருந்தது. எப்படியும் பத்து நிமிடத்தில் தீரப்போகிற புகார்தானே. இருபத்திரண்டு வருடப் பழக்கம். விரல் என்னைக் கேட்கவில்லை.

ஒன்றை அழுத்தினேன்.

"மிக்க நன்றி" என்றது குரல். தெருமுனையிலிருந்து மறுபடி அழைப்பு.

"என்ன சார் பண்ணிட்டீங்க? புகார் முடிஞ்சதுன்னு மெசேஜ் வந்திருக்கு."

"முடியப்போகுதேன்னுதான்... நீங்க வேலையைப் பாருங்க தம்பி."

"பெட்டியைப் பூட்டச் சொல்லிட்டாங்க. முடிஞ்ச புகார்ல கை வச்சா என் வேலை போயிடும். புதுசாப் போடுங்க. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள வருவேன்."

"எந்தச் சட்டையில?" என்று கேட்டேன். அவர் வைத்துவிட்டார்.

மணி பத்து. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மகள் தன் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தாள். எங்கள் வீட்டுச் சுவர்களைத் தாண்டிப் பேச்சு வரும்; போன் இணையத்துக்கு ஒரு கோடு சிக்னல்கூட உள்ளே வந்ததில்லை.

"அம்மா, அப்பா ஒண்ணை அழுத்திட்டாரு."

மனைவி கணினியை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள். நான் பின்னால் ஓடினேன். கீழ்த்தளத்தில் ஒரு சலூன். அதன் உரிமையாளர், ஒருவர் முகத்தில் நுரையைப் பூசிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உங்க இணைப்பு வேலை செய்யுதா?"

"பழைய நீலம்தான் தங்கச்சி. மெதுவா வரும், ஆனா வரும்."

"நீங்க மாறலையா?" என்றேன் நான்.

"வந்தாங்க சார். நல்லாத்தான் பேசினாங்க. பேச்சுக் குடுத்துக்கிட்டே தலையைக் குனிய வைக்கிறது என் தொழில். என்கிட்டயேவா?"

பத்தரைக்கு மனைவி சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கத்தரிகள் ஓய்ந்தன. மின்விசிறி நின்றது. திரையில் மூன்று முகங்கள் தோன்றின. நான் கதவோரம் நின்றுகொண்டேன்.

நடுவில் இருந்த அம்மையார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "உங்க பின்னாடி, நுரையோட ஒருத்தர் உட்கார்ந்திருக்காரே?"

"அவர் எனக்காகக் காத்துக்கிட்டிருக்காருங்க. இது சலூன். வீட்டுல இணைப்பு இல்ல. புகார் குடுத்தோம். தீர்ந்துடுச்சுன்னு அவங்க பதிவுல இருக்கு."

நுரைக்காரர் திரையைப் பார்த்துத் தலையாட்டி உறுதிப்படுத்தினார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி, அதையே கேக்கறேன்" என்றார் அம்மையார். "ஒரு கோப்புல 'தீர்ந்தது'ன்னு எழுதியிருக்கு. உண்மையிலேயே தீர்ந்துதான்னு எப்படித் தணிக்கை செய்வீங்க?"

இதற்கு விடை எனக்குத் தெரியும். கையெழுத்து, முத்திரை, தேதி ஆகிய மூன்றும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதவோரத்திலிருந்து மூன்று விரல்களைக் காட்டினேன். மனைவி என் பக்கம் திரும்பவில்லை.

"எழுதினவரைக் கேக்க மாட்டேங்க. அவருக்குத் தீர்ந்திருக்கும். புகார் குடுத்தவங்க வீட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்ப்பேன்."

நுரைக்காரர் மறுபடி தலையாட்டினார். காய்ந்துபோன நுரை மெல்ல வெடித்தது.

வேலை கிடைத்துவிட்டது. அந்த மின்னஞ்சலை எங்கள் ஆரஞ்சு இணைப்பு இரண்டே நாள் தாமதத்தில் கொண்டுவந்து சேர்த்தது. இத்தனைக்கும் மூலகாரணம் நான் ஒன்றை அழுத்தியதுதான் என்று மகளிடம் விளக்கினேன். அவள் கேடயங்களை எடுத்துப் பரணில் போட்டாள். உடனே ஒரு கோடு சிக்னல் வந்தது. ஆரஞ்சுக் கம்பெனியின் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்து ஒரு பாராட்டுக் கடிதமும் எழுதினேன். தொழில்முறை மரியாதை.

பணியில் சேர்ந்த முதல் வாரம், வெள்ளிக்கிழமை மாலை, மனைவி அலுவலகத்திலிருந்து வந்து என்னை எதிரில் உட்கார வைத்தாள்.

"முதல்ல எந்தப் பிரிவைத் தணிக்கை செய்யறதுன்னு சீட்டுக் குலுக்கினோம். உங்க பிரிவு வந்துது. உங்க கையெழுத்தைப் பார்த்ததும், இவர் என் வீட்டுக்காரர்னு சொல்லி ஃபைல் நகலைத் திருப்பிக் குடுத்துட்டேன். வேற ஒருத்தர் பார்ப்பாரு."

"நல்ல காரியம். எல்லாம் ஒழுங்கா இருக்கும். நாலாயிரம் புகார், நாலாயிரமும் தீர்ந்தது."

"முதல் பக்கம் மட்டும் கண்ணுல பட்டுது. மூணாவது மாடியில ஒரு அம்மா. படுத்த படுக்கையா ஒரு மகன். பதினோரு மாசமாக் குழாயில தண்ணி இல்ல. ஒன்பது தடவை எழுதியிருக்காங்க. நீங்களும் ஒன்பது தடவை எழுதியிருக்கீங்க."

"என்னன்னு?"

"தங்கள் பொறுமைக்கு நன்றின்னு."

அந்தச் சொற்றொடர் என்னுடையதுதான். பதினைந்து வருடங்களுக்கு முன் நானே அமைத்தது. ஆரஞ்சுக் கம்பெனிகூட அதைத்தான் பயன்படுத்துகிறது. அலுவலகத்துக்கு நாளைக்கே ஒரு நடை போய், அந்த ஒரு கோப்பை மட்டும் எடுத்து, பத்தாவதாக ஒரு கடிதம் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். எழுந்து அலுவலக அலமாரிச் சாவியைத் தேடினேன். அது மனைவியின் கையில் இருந்தது.

"திங்கட்கிழமை அந்தத் தணிக்கையாளர் அந்த அம்மா வீட்டுக்குப் போறாரு" என்றாள். "அது வரைக்கும் எதையும் தொடாதீங்க."