கிராம்பு இருக்கப் பயமேன்

மைதிலியைப் பெண் பார்க்க ஓமலூரிலிருந்து கிளம்பிவிட்டார்கள் என்று போன் வந்தபோது, அவளுடைய அப்பா சண்முகவேலின் இடது கன்னம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்தக்கடை வைத்திருப்பவர். மூட்டை நிறையக் கிராம்பு இருக்கையில் பல் டாக்டர் எதற்கு என்று, வலித்த கடைவாய்ப்பல்லில் கிராம்பை அடக்கியே ஒரு வாரத்தை ஓட்டினார். முந்தின நாள் வலி பட்டென்று நின்றது. வாயில் உப்புக் கரித்து ஏதோ கசிந்ததைப் பொருட்படுத்தாமல், குணமாகிவிட்டது என்று மனைவி மஞ்சுளாவிடம் மார்தட்டினார். விடிந்தால் கன்னத்தில் வீக்கம், உடம்பில் காய்ச்சல்.

தவிட்டு ஒத்தடம் கொடுத்தார். வீக்கம் கண்ணுக்கடி வரை ஏறியது. மஞ்சள் பற்றுப் போட்டார். வீக்கம் வடியவில்லை, தேய்த்துக் கழுவியும் மஞ்சள் போகவில்லை.

"ஏனுங்க, டாக்டர்கிட்டப் போயிட்டு வந்துருங்க. அவங்கள நான் பாத்துக்கறேன்" என்றாள் மஞ்சுளா.

"பொண்ணப் பெத்தவன் ஊட்டுல இல்லீன்னா என்ன நெனைப்பாங்க?"

கடைசியில் தலையோடு தாடையைச் சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் அம்மா மாரக்காள் விசாரித்ததற்கு, அவருக்கு ஏசிக் காற்று ஒத்துக்கொள்ளாது என்று மஞ்சுளா சமாளித்தாள். அந்த வீட்டில் ஏசியே கிடையாது.

மாப்பிள்ளையின் அப்பா மாதையன் எதிரில் இறுகிப்போய் உட்கார்ந்திருந்தார். போண்டாவைத் தொடவில்லை. காபி ஆடை படிந்து கிடந்தது. வாயைத் திறக்க முடியாத சண்முகவேல் தலையை ஆட்டினார். பதிலுக்கு அவரும் ஆட்டினார். மாப்பிள்ளை யோகேஷும் மைதிலியும் அப்போதுதான் சிரித்துப் பேச ஆரம்பித்திருந்தார்கள். அதற்குள் மாதையன் மனைவிக்குச் சைகை காட்டி எழுந்துவிட்டார்.

கார் தெருமுனை திரும்பியதும் மைதிலி வாடிய முகத்தோடு தட்டுகளை அடுக்கினாள். ஒரு வாரப் பல்வலியைவிட அது சண்முகவேலை அதிகம் குடைந்தது.

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்கப்பா" என்றாள், நிமிர்ந்து பார்க்காமலே.

டாக்டர் ஜெயப்பிரியா வாயைப் பார்த்துவிட்டுத் திட்டித் தீர்த்தார். வேரில் சீழ் கட்டியிருந்தது. வலி நின்றது பல் குணமாகி அல்ல, உள்ளே நரம்பு செத்துப்போய். சூட்டு ஒத்தடம் வீக்கத்தை இன்னும் கிளப்பிவிட்டது. காய்ச்சலோடு வீக்கம் கண்வரை ஏறினால் உடனே ஓடி வரவேண்டாமா என்று கேட்டார்.

சண்முகவேலுக்கு அதெல்லாம் பாதிதான் காதில் ஏறியது.

"பல்லு போனாப் போகுதுங்க. எம்பட மூஞ்சியப் பாத்துட்டுப் பையனோட அப்பா பச்சத்தண்ணி பல்லுல படாம எந்திரிச்சுப் போயிட்டாரு. எம்புள்ளைக்கு அமைஞ்ச நல்ல எடம் போச்சுங்க."

ஊசி மருந்தை எடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் சுகன்யா திரும்பிப் பார்த்தாள்.

"ஓமலூர்க்காரருங்களா? பக்கத்து ரூம்ல தாடையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காருங்க. பல்லு வலியில போண்டாவத் தொடாம இருந்ததுக்குப் பொண்ணோட அப்பா கோவிச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேசலியாமா."