நானும் மூடவில்லை

அன்பும் கொஞ்சம் பயமும் கலந்து என் மச்சானுக்கு, உன் அக்காள் புருஷன் தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்காவும் சுகம். அங்கு நீ, தங்கச்சி, பிள்ளைகள், உன் மூன்று லாரிகள் எல்லாம் சுகமாக இருக்க வேண்டும். போன வருடம் தெருவிளக்குக்கு என்று என்னிடம் கைநாட்டு வாங்கிப் போனாயே, அந்த விளக்கு இன்னும் வரவில்லை. அவசரமில்லை. இந்தக் கடிதத்தைப் பகலில்தான் எழுதுகிறேன்.

இது நான் எழுதியதுதானா என்று சந்தேகப்படுவாய். நானேதான். கல்யாண வீடு, சாவு வீடு பார்க்காமல் ‘கைநாட்டு அத்தான்’ என்று நீ கூப்பிடுவாயே, அதே ஆள். ஐந்து மாதமாக முதியோர் வகுப்புக்குப் போகிறேன். என் பெயருக்கு அடுத்து நான் எழுதக் கற்றுக்கொண்டது உன் பெயர். உறைமேல் எழுத வேண்டுமல்லவா. செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தேன், இன்று ஞாயிறு. ‘மச்சானுக்கு’ என்று முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. உன் அக்கா, “நடந்தே போய்ச் சொல்லிட்டு வந்திருக்கலாம்” என்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் வேலை உனக்குத் தெரியும், நகராட்சிக்குத் தினக்கூலியாக, சுவரில் ஒட்டியதைத் தகட்டால் சுரண்டுவது, முப்பத்தொரு வருடம். வட்ட முத்திரை இருந்தால் அது அனுமதி வாங்கிய தாள், அதை ஏறிட்டும் பார்க்க மாட்டேன். முத்திரை இல்லையென்றால் சுரண்டிவிடுவேன், என்ன எழுதியிருந்தால் எனக்கென்ன. எனக்கு முன்னால் இருந்தவர் எட்டாவது படித்தவர், எந்தத் தாளையும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் தகட்டை எடுப்பாராம், அதனால்தான் அவரை அனுப்பிவிட்டு என்னை எடுத்தார்கள். நம் மாடியில் குடியிருக்கிற அச்சுக்காரம்மா இருக்கிறாளே, அவள் ரப்பர் பலகையில் உளியால் படம் செதுக்கி, மை உருட்டி, தாளை மேலே போட்டு, கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து எடுப்பாள். உன் அக்காவின் கரண்டி. இரண்டு மாதமாகச் சாப்பாட்டில் லேசாக மை வாசனை. ஒரு படத்தில் கொக்கு மூட்டை முடிச்சோடு பஸ்ஸுக்கு நிற்கிறது, இன்னொன்றில் தவளை கையில் மனுவோடு வரிசையில் நிற்கிறது. எல்லாம் நம் தெருக்கோடிக் குளத்துக்காக. மண் கொட்டி மூடிக் கடைகள் கட்டப் போகிறார்கள் என்று பேச்சு. அந்தக் குளம் இருப்பதால்தான் நம் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. “குளம் போனா கிணறு போச்சு, கிணறு போனா நான் பெட்டியத் தூக்கிட்டு என் தம்பி வீட்டுக்குப் போயிடுவேன்” என்று உன் அக்கா சொல்லியிருக்கிறாள். நீ இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விடிந்ததும் அவள் பன்னிரண்டு சுவரில் ஒட்டுவாள், பத்து மணிக்குள் நான் பன்னிரண்டையும் சுரண்டுவேன். எங்களுக்குள் ஒரு மனஸ்தாபமும் கிடையாது. பசையைக் கொஞ்சம் நீர்க்கக் காய்ச்சும்மா, மணிக்கட்டு விட்டுப் போகிறது என்று ஒரு நாள் கேட்டேன். “உங்களுக்குச் சுலபமா இருக்கறதுக்கா அண்ணே நான் ஒட்டறேன்?” என்றாள். ஆனாலும் மறுநாள் பசை நீர்த்துத்தான் இருந்தது. நல்ல பெண்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, கண்ணில் பட்டதையெல்லாம் படியுங்கள் என்று வகுப்பு டீச்சரம்மா சொல்லிவிட்டார். மூன்று வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, பஸ் நிறுத்தச் சுவரில் வாயைப் பிளந்த பெரிய மீன், அதற்குக் கீழே இரண்டு வார்த்தை. தகட்டை இடுப்பில் செருகிக்கொண்டு எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். இரண்டு பஸ் போய்விட்டது. மூன்றாவது பஸ் வரும்போது முடித்தேன்: ‘குளத்தை மூடாதே.’ மச்சான், அறுபத்தெட்டு வருடத்தில் எனக்கு யாரும் ஒரு வரி எழுதியதில்லை. முதல் வரியே இப்படியா? நான் எப்போது மூடினேன்? காதெல்லாம் சூடாகிவிட்டது. எழுதிக் கேட்டவருக்குப் பதில் எழுதாமல் போவது மரியாதை இல்லை என்று, மீன் வயிற்றுக்குக் கீழே வெள்ளையாக இருந்த இடத்தில் பென்சிலால் எழுதினேன்: ‘நான் மூடவில்லை. இங்கு சுகம். அங்கு சுகமா?’ கீழே என் பெயரும் போட்டேன். அடுத்த சுவரிலும் அதே கேள்வி. அங்கும் பதில் எழுதினேன். பன்னிரண்டு சுவருக்கும் மூன்று நாள் ஆயிற்று. பதில் போட்ட கடிதத்தை எப்படிச் சுரண்டுவது? விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் பார்த்தால் என் வரிக்குக் கீழே தையல்காரர் ‘நானும் மூடவில்லை’ என்று எழுதியிருக்கிறார். அவருக்குக் கீழே பால்காரர். அவருக்குக் கீழே பல் டாக்டர், அவர் எழுத்து மட்டும் எனக்கு இன்னும் படிக்க வரவில்லை. பிறகு ஊருக்கே ஒரு பயம் பிடித்துக்கொண்டது: எழுதாதவன்தான் மூடுகிறவன் என்று ஆகிவிடுமே. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் நின்று எழுதிவிட்டுப் போனார்கள். தாளில் இடம் முடிந்து சுவருக்கு வந்தார்கள். அச்சுக்காரம்மா மாடிப்படியில் உட்கார்ந்து, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல், “அண்ணே, ரெண்டு மாசமா நான் செதுக்கினது ஒண்ணுமே இல்ல, உங்க பென்சில் ஒண்ணு போதும்” என்றாள். பென்சில் அவளுடையதுதான், திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் நகராட்சி மேஸ்திரி வந்தார். எல்லாவற்றையும் உடனே சுரண்டு, இல்லையென்றால் நாளை முதல் வராதே என்றார். எல்லாம் அடுத்தவர் கடிதம், ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துச் சுரண்டுகிறேன் என்றேன். “யோவ், உனக்குப் படிக்கத் தெரியாதுங்கறதுக்காகத்தானேய்யா உன்ன வேலைக்கு வச்சோம்” என்றார். நியாயமான கேள்வி, பதிலை யோசிக்க ஆரம்பித்தேன். அவர் பதிலுக்குக் காத்திருந்த நேரத்தில் சுவரைப் படித்தார். படித்ததும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மூலையில் சின்ன எழுத்தில் ‘நானும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு சுரண்டு என்று சொல்லவில்லை.

கடைசியில் நகராட்சித் தலைவரே பார்க்க வந்தார். பின்னால் கூட்டம், முன்னால் பத்திரிகைப் படக்காரர். சுவரில் சரியாக அவர் கண்மட்டத்தில் மட்டும் ஒரு சாண் இடம் காலி. தையல்காரர் இருமினார். தலைவர் மேஸ்திரியிடம் பேனா வாங்கி, ‘நானும் மூடவில்லை’ என்று எழுதினார். அழகான கையெழுத்து.

அதற்கு மறுநாள் காலை மண்ணோடு ஒரு லாரி வந்து குளத்தங்கரையில் நின்றது. எங்கே கொட்டுவது, யார் சொன்னது என்று டிரைவர் கேட்டார். ஒவ்வொருவராக நான் இல்லை, நான் இல்லை என்றார்கள். டிரைவர் தலைவர் வீட்டுக்குப் போன் போட்டார், அங்கேயும் அவர் இல்லை. லாரி மண்ணோடு திரும்பிவிட்டது. முன்கண்ணாடியில் உன் பெயர் போலவே எழுதியிருந்தது. ஒரே பெயரில் எத்தனையோ பேர். யாராவது தப்பாக நினைக்கக்கூடாதே என்று, பன்னிரண்டு சுவரிலும் உனக்காகவும் ஒரு வரி எழுதிவிட்டேன்: ‘என் மச்சானும் மூடவில்லை.’ நன்றியெல்லாம் வேண்டாம்.

ஆகவே குளம் பிழைத்தது, கிணறு பிழைத்தது, என் வேலையும் பிழைத்தது. உன் அக்கா பெட்டியை இறக்கி வைத்துவிட்டாள். தங்கச்சிக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், லாரிகளுக்கு நல்ல டயர் அமைய வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் தலையைச் சாய்த்துப் படித்துக்கொள்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடும் உன் அத்தான்

பின்குறிப்பு: உறையில் போடும்முன், படிக்கிற ஆசையில் நகராட்சி வாசல் பலகைவரை போய்வந்தேன். அங்கே வட்ட முத்திரை போட்ட தாள் ஒன்று ஒரு வருடமாகத் தொங்குகிறது. முத்திரை இருந்ததால் இதுவரை நான் பார்த்ததே இல்லை. ‘குளத்தை மூடக் கரையில் குடியிருப்போர் சம்மதம்’ என்று இருக்கிறது. முதல் கைநாட்டு என்னுடையது. தகடு வெட்டிய தழும்பு குறுக்கே ஓடுகிறது, வேறு யாருக்கும் அப்படி இல்லை. பக்கத்தில் சாட்சி என்று போட்டு உன் பெயர். அதை நான் நன்றாகவே படிப்பேன். தெருவிளக்கு என்ற வார்த்தையை மூன்று தடவை தேடினேன், இல்லை.

ஆகவே மேலே எழுதியதில் இரண்டு வரி பொய். நான் மூடவில்லை என்பது ஒன்று, என் மச்சானும் மூடவில்லை என்பது இன்னொன்று. நாளை முதல் ஒரு நாளைக்கு ஒரு சுவராகத் திருத்தப் போகிறேன். அச்சுக்காரம்மா என் கட்டைவிரலைத் தழும்போடு கதவளவு பலகையில் செதுக்கிக்கொண்டிருக்கிறாள். கீழே, ‘இதை வைத்தது நான்தான். இப்போது படித்துவிட்டேன். செல்லாது’ என்று வரும். உன் வரியை இப்போதைக்கு அப்படியே விட்டு வைக்கிறேன். பன்னிரண்டாவது சுவரை நான் திருத்துவதற்குள் நீ வந்தால் உன் கையாலேயே எழுதிக்கொள்ளலாம், பென்சில் வாங்கி வைக்கிறேன். வராவிட்டால் உன் அக்கா பெட்டியோடு வருவாள். படத்துக்கு வட்ட முத்திரை இல்லை, சுரண்ட வேண்டியவன் நான்தான். பசையை இந்தத் தடவை கெட்டியாகக் காய்ச்சச் சொல்லியிருக்கிறேன்.