எதிர்க் கட்டடத்துக்குக் காடி எடுப்பவர்

தவநாதன் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஹாரன் சத்தத்துக்கு நடுவே. புக்கிட் செண்டானா அலுவலகக் கட்டடத்தின் நாலாவது மாடியில் தேநீர் கலக்கும் வேலைக்கு நான் சேர்ந்த முதல் நாள் அது. கீழே யாரோ கால் மணி நேரமாக ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். காவலாளியிடம் கேட்டேன். எங்கள் ஊரில் காருக்குக் காடி என்றுதான் பெயர்.

"தவநாதன் சார் காடிலா. இன்னொருத்தர் காடிய மறிச்சு நிறுத்திட்டுப் போயிட்டாரு. ரெண்டே நிமிஷம்னாரு."

யார் இந்த மகராஜன் என்று விசாரித்தால், கட்டடத்துக்கே அவர்தான் மேலாளர். இன்னும் கொஞ்சம் விசாரித்தால், என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட தங்கை, தைப்பிங் புஷ்பம், அவளுடைய மூத்த மகன். அன்றிலிருந்து நான் அவருக்கு அத்தை.

இவர் ஒரு ஆள் இல்லை, ஓர் இனம். வாசலோரக் காடிக்காரர் என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் ஊரிலும் இருப்பார்கள். நிழலில் நிறுத்த இடம் காலியாகக் கிடக்கும். அங்கிருந்து வாசல் நாற்பது அடி என்பதால் அதை விட்டுவிட்டு, வாசலுக்கு நேராக யாராவது கிளம்புவார்களா என்று இருபது நிமிடம் வட்டமடிப்பார்கள். வெயில் அடித்தால் "மண்டையப் பொளக்குது" என்பார்கள். வெயில் இல்லையென்றால் "மழை வரப்போவுது" என்பார்கள். கால் இல்லையா என்றால் இருக்கிறது, பிரேக்கை மிதிக்க.

எங்கள் கட்டடத்துக்கு நேர் எதிரே ஒரு மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. யார் தே தாரிக் டீயை எத்தனை முழம் இழுத்து ஆற்றுகிறார்கள் என்று சன்னலிலிருந்தே பார்க்கலாம். நடுவில் ஆறு வரிசைச் சாலை. அங்கே சாப்பிடப் போக நம் தவநாதன் காரை எடுத்து, மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போய், யூ-டர்ன் அடித்து, அதே மூன்று கிலோமீட்டர் திரும்பி வந்து, கடை வாசலில் இடம் கிடைக்கும்வரை நாலு சுற்றுச் சுற்றி, ஒருவழியாக உட்காரும்போது ரொட்டி சானாய் முடிந்திருக்கும். இத்தனைக்கும் கையில் அடி எண்ணும் கடிகாரம். கூட்டத்தில் உட்கார்ந்தபடியே மணிக்கட்டை ஆட்டி ஆட்டி எட்டாயிரம் அடி நடந்துவிடுவார்.

எதிர்ப் பக்கம் ரயில் நிலையம் வந்தது. அதன் நடைபாலம் எங்கள் பக்கம் வந்து இறங்கியது. எங்கே? புல்மேட்டில். அப்புறம் பெரிய சாக்கடை, அதன்மேல் ஒற்றைப் பலகை, அதைத் தாண்டினால் எங்கள் கட்டடம். அந்தப் பலகையில் தினமும் நடந்து வந்தவள் புனிதமலர், எங்கள் மாடியைக் கூட்டித் துடைப்பவள். ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கிவிட்டது.

"பாதை போட்டா இருப்பேன்க்கா. இல்லன்னா அடுத்த மழைக்குள்ள வேலைய விட்டுட வேண்டியதுதான்" என்றாள். வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

பாலத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே இருந்த அந்தத் துண்டு நிலத்தில் பாதை போடலாமா, இன்னும் பதினாலு கார் நிறுத்த இடம் போடலாமா என்று கட்டட உரிமையாளர் டத்தோ லோ அறிக்கை கேட்டார். எழுத வேண்டியவர் யார்? வேறு யார்.

"தவா, பாதைன்னு எழுதிக் குடுப்பா."

"யாரு அத்தை நடக்கறா? பத்து வருஷமா சன்னல் வழியா பாக்கறேன், ஒரு ஆளு நடந்து பாத்ததில்ல."

"நீ ஒம்பதரைக்கு வர்றே. மலரு ஆறரைக்கே வந்துடறா."

"ஒரு ஆளுக்குப் பாதை போட முடியுமா?"

"பாதை இல்லாததாலதான்யா ஒரு ஆளு."

அவர் கடிகாரத்தை ஆட்டிக்கொண்டே போய், கார் நிறுத்துமிடம் என்று எழுதிவிட்டார்.

அறிக்கையைக் கொடுக்க வேண்டிய நாள். டத்தோவின் அலுவலகம் மாமாக் கடைக்கு மேல் மாடியில். பன்னிரண்டு மணிக்கு அவர் விமான நிலையம் கிளம்புகிறார். பதினொன்றே முக்காலுக்குத் தவநாதன் இறங்கிப் போனால், அவர் காரை மறித்து இன்னொரு கார். கண்ணாடியில் தொலைபேசி எண் இருந்தது. அடித்தார். அந்தக் காருக்குள்ளேயே மணி ஒலித்தது. வாடகைக் கார் கூப்பிட்டால், யூ-டர்ன் அடித்து வர இருபத்தைந்து நிமிடம் என்றது.

காலை வேலை முடித்து மலர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"மலர், அந்தப் பக்கம் நீ எப்படிப் போவே?"

"கால்லதான் சார்."

அவள் முன்னே, அவர் பின்னே. பலகையில் பாதி தூரம் நடந்து போனார். மீதிப் பாதியை உட்கார்ந்தபடி நகர்ந்து கடந்தார். புல்மேட்டில் ஒரு கால் சப்பாத்து சேற்றோடு நின்றுவிட்டது. மலர் அதைப் பிடுங்கி, கையில் எடுத்துக்கொண்டு கூடவே போனாள். அதனால்தான் அங்கே நடந்தது எனக்குத் தெரியும்.

டத்தோ கேட்டாராம்: "என்னய்யா, யாராச்சும் அடிச்சாங்களா?"

"இல்ல டத்தோ. நடந்து வந்தேன்."

"எங்கேருந்து?"

"எதிர்க் கட்டடத்துலேருந்து."

டத்தோ அறிக்கையைத் திறந்தார். முதல் வரி: 'இப்பகுதியில் நடந்து செல்வோர் எவரும் இல்லை.' அந்த வரியைப் பார்த்தார். சேறு அப்பிய காலுறையைப் பார்த்தார். கதவருகே சப்பாத்தோடு நின்ற மலரைப் பார்த்தார்.

"இங்கயே ரெண்டு பேர் இருக்கீங்களே" என்றாராம்.

பாதை வந்தது. கூரையும் கைப்பிடியும் போட்டு. மலர் இன்றும் அந்த வேலையில்தான் இருக்கிறாள். மழையிலும் நனையாமல் வருகிறாள். அவள் பின்னால் இப்போது ஒரு கூட்டமே வருகிறது. இதோடு தவநாதன் திருந்தியிருப்பார் என்று நினைத்தால் உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றித் தெரியவில்லை. பாதை தொடங்கும் இடத்தில் மேலாளருக்கென்று ஒரு கார் நிறுத்துமிடம் வேண்டும் என்று டத்தோவுக்கு எழுதினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டிலிருந்து முனைக் கடை எத்தனை அடி? கடைசியாகக் கறிவேப்பிலை வாங்கப் போனபோது கையில் என்ன இருந்தது, பையா, சாவியா? என்னிடம் சொல்ல வேண்டாம்.

தவநாதன் ஓய்வு பெற்று இப்போது சிரம்பானில் மகள் வீட்டில் இருக்கிறார். வீட்டுக்கு எதிரே பூங்கா. தினமும் காலை ஏழு மணிக்கு நடைப்பயிற்சிக்கு அங்கே காரில் போகிறார்.